உபுண்டுவில் ஓடுகிறது, வாடிக்கையாளர் சர்வரில் ஓடவில்லை: எல்லாவற்றையும் ஸ்டேட்டிக்காகக் கட்டிவிடலாமா?

#1 கதிர்_சி

வணக்கம். மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு சி++ நிரல் இருக்கிறது. சர்வரில் விழும் லாகுகளை வாரி, எஸ்க்யூலைட்டில் தற்காலிகமாக வைத்து, எச்டிடிபிஎஸ் வழியாக மேலே அனுப்பும். அதற்கு கர்ல் (இணையப் பரிமாற்றம்), ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்கம்), எஸ்க்யூலைட் (சின்னத் தரவுத்தளம்) என்ற மூன்று லைப்ரரிகளும் வேண்டும். என் கணினியில் உபுண்டு 22.04. வாடிக்கையாளரிடம் சென்ட்ஓஎஸ் 7. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. "மாற்றும்போது மாற்றுவோம், இப்போதைக்கு ஓட வையுங்கள்" என்கிறார்கள்.

பைனரியைக் கொண்டுபோய் வைத்ததும் முதல் அடி: லிப்சியில் (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி; இங்கே அது ஜிலிப்சி) ஜிலிப்சி 2.34 என்ற பதிப்பு காணவில்லையாம். அங்கே இருப்பது 2.17.

சரி, லைப்ரரிகளை ஓடும்போது சர்வரிலிருந்து எடுக்காமல் (அது ஷேர்டு), எல்லாவற்றையும் பைனரிக்கு உள்ளேயே திணித்துவிடுவோம் (அது ஸ்டேட்டிக்) என்று -ஸ்டேட்டிக் போட்டேன். கர்ல் கேட்கும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு லைப்ரரிக்கு .ஏ கோப்பு (ஸ்டேட்டிக் வடிவம்) கிடைக்காததால் அது இல்லாமல் கர்லை நானே கட்டினேன். 400 கேபி இருந்த பைனரி 11 எம்பி ஆனது. லிங்க் ஆகும்போது கெட்பிடபிள்யூநேம் (பயனரைத் தேடுவது), கெட்ஆட்ர்இன்ஃபோ (ஹோஸ்ட் முகவரியைத் தேடுவது) இரண்டின் பெயரிலும் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

இப்போது அங்கே ரூட்டாக ஓட்டினால் ஓடுகிறது. அவர்களுடைய சர்வீஸ் கணக்கில் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். அந்தக் கணக்கு சர்வரிலேயே இருக்கும் கணக்கு அல்ல, எல்டாப்பில் (கணக்குகளை மையமாக ஓரிடத்தில் வைத்திருக்கும் சேவை) இருப்பது.

ஸ்டேட்டிக் நல்லதா, ஷேர்டு நல்லதா என்று தேடினால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது?

#2 கோ_பாண்டி

இதற்குத்தான் கோ மொழி. பில்ட் செய்தால் ஒரே கோப்பு, சீகோவை (கோவிலிருந்து சி கோடைக் கூப்பிடும் வசதி) அணைத்துவிட்டால் லிப்சியே வேண்டாம். எஸ்சிபி செய்தோமா, ஓட்டினோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். எந்தெந்த ஷேர்டு லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையை நான்கு வருடமாக நான் தொட்டதே இல்லை.

#3 கதிர்_சி

நாற்பதாயிரம் வரி சி++ இருக்கிறது பாண்டி. வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று வந்தால் வேறு வீடு கட்டு என்கிறீர்களே.

#4 பழையசோறு

தம்பி, முதலில் அந்த 2.34 ஏன் வந்தது என்று பார்த்துவிடுவோம். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு மெயின் மட்டும் எழுதி, உங்கள் உபுண்டுவில் கம்பைல் செய்து, அதையும் சென்ட்ஓஎஸ் 7-இல் வைத்துப் பாருங்கள். அதுவும் ஓடாது, அதே 2.34-ஐத்தான் கேட்கும். மெயினைக் கூப்பிடுவதற்கு முன்னால் லிப்சியில் ஒரு தொடக்கச் செயற்கூறு ஓடும். 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் அதற்குப் புதுப் பதிப்பு எண் கொடுத்தார்கள். அன்றிலிருந்து புது லிப்சியோடு கட்டுகிற ஒவ்வொரு நிரலின் நெற்றியிலும் அந்த எண் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கோடில் தவறு ஒன்றும் இல்லை.

ஜிலிப்சி ஒரு பக்கம்தான் வாக்கு கொடுக்கிறது. பழைய லிப்சியோடு கட்டியது புது லிப்சியில் ஓடும். புதியதோடு கட்டியது பழையதில் ஓடும் என்று அவர்கள் என்றைக்கும் சொன்னதில்லை. அந்த ஒரு பக்க வாக்கைக் காப்பாற்றவே அவர்கள் படாதபாடு படுகிறார்கள். நினைவகத்தில் நகல் எடுக்கும் மெம்காப்பி செயற்கூறின் கதை தெரியுமா? ஃபெடோரா 14 காலத்தில், 2010 வாக்கில், மெம்காப்பியை வேகப்படுத்துகிறேன் என்று சில சில்லுகளில் பின்னாலிருந்து முன்னால் நகல் எடுக்கும்படி மாற்றினார்கள். மூல இடமும் சேரும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது என்பது விதி. அந்த விதியை மதிக்காத ஃபிளாஷ் பிளக்இன்னில் பாட்டெல்லாம் கரகர. கடைசியில் மெம்காப்பிக்கு 2.14 என்று புதுப் பதிப்பு கொடுத்து, பழைய நிரல்களுக்குப் பழைய சாதுவான மெம்காப்பியையே மாட்டிவிட்டார்கள். ஒரே லிப்சி கோப்புக்குள் இரண்டு மெம்காப்பி. கேட்கிறவன் வயதைப் பார்த்துப் பரிமாறுகிற பந்தி மாதிரி.

அதனால் உங்களுக்கு வழி ஒன்றுதான்: போக வேண்டிய ஊரிலேயே மிகப் பழையது எதுவோ, அதில் வைத்துக் கட்டுங்கள். சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் ஒன்றை எழுப்பினால் போதும். அதில் கட்டியது உபுண்டு 22.04-இலும் ஓடும்.

#5 தேன்மொழி_டெப்

அந்த செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்குக் காரணம் நீங்கள் விட்டுவிட்ட எச்சரிக்கைதான் கதிர். அதை முழுசாகப் படித்திருந்தால் அங்கேயே பதில் இருக்கிறது: இந்தச் செயற்கூறை ஸ்டேட்டிக் நிரலில் பயன்படுத்தினால், ஓடும் நேரத்தில் எந்த ஜிலிப்சியோடு கட்டினாயோ அதே பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும் என்கிறது.

ஜிலிப்சியில் பயனர் பெயர், ஹோஸ்ட் பெயர் தேடுவதெல்லாம் என்எஸ்எஸ் என்ற செருகு அமைப்பு வழியாக நடக்கிறது. /இடிசி அடியில் என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திறந்து பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7-இல் பாஸ்வேர்டு வரியில் ஃபைல்ஸ், எஸ்எஸ்எஸ் என்று இருக்கும். ஃபைல்ஸ் என்பது 2.34-இலிருந்து லிப்சிக்குள்ளேயே வந்துவிட்டது, அதனால்தான் ரூட் தப்பித்தது. எல்டாப் கணக்கைத் தேடும்போது எஸ்எஸ்எஸ் செருகை டிஎல்ஓப்பன் செய்தாக வேண்டும், அதாவது ஓடும்போதே ஏற்ற வேண்டும். அந்தச் செருகு அந்த சர்வரின் 2.17 லிப்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இப்போது ஒரே ப்ராசஸுக்குள் உங்கள் 2.35 ஒன்று, அவர்களுடைய 2.17 ஒன்று. ஓர் உறையில் இரண்டு கத்தி.

ஆக, ஜிலிப்சியை -ஸ்டேட்டிக் போட்டுக் கட்டினாலும் அது முழுசாக ஸ்டேட்டிக் ஆவதில்லை. எழுத்துக் குறியாக்கம் மாற்றும் ஐகான்விலும் இதே கதை. இன்னொன்று: ஜிலிப்சியின் உரிமம் எல்ஜிபிஎல். மூடிய நிரலில் அதை ஸ்டேட்டிக்காகச் சேர்த்தால், வேறு லிப்சியோடு மறுபடி லிங்க் செய்துகொள்ள வசதியாக உங்கள் .ஓ கோப்புகளைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதற்குத் தயாரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

#6 மஸ்ல்மணி

மஸ்ல் லிப்சி எடுத்துக்கொள்ளுங்களேன். ஆல்பைன் லினக்ஸில் இருப்பது. ஸ்டேட்டிக்குக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும், உரிமமும் எம்ஐடி.

#7 தேன்மொழி_டெப்

நல்ல யோசனைதான், ஆனால் தெரிந்து எடுங்கள். மஸ்ல் என்எஸ்எஸ் செருகுகளை ஏற்றவே ஏற்றாது. பயனர் பெயருக்கு என்எஸ்சிடி (பெயர் தேடலுக்குப் பதில் சொல்லும் பின்னணிச் சேவை) ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கேட்கும், இல்லாவிட்டால் கோப்பு மட்டும்தான். கதிரின் எல்டாப் கணக்கு அங்கே சிக்கும். த்ரெட் ஸ்டாக் இயல்பாக 128 கேபிதான். ஜிலிப்சியில் பொதுவாக 8 எம்பி கிடைத்துப் பழகியவர்கள் பெரிய அரேயை லோக்கலாக வைத்திருந்தால் ஒரு நாள் விழும். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் மலாக் வழியாக நினைவகம் கேட்டால் வேகம் குறையும். பெரிய டிஎன்எஸ் பதில்களுக்கு டிசிபியில் மறுபடி கேட்கும் வசதி 2023 மே மாதம் 1.2.4-இல்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி உண்டு. ஆனால் நாற்பதாயிரம் வரியை யார் உட்கார்ந்து சோதிப்பது?

#8 இளவேனில்

நான் சர்வர் பார்ப்பவள், மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். லிப்சியை விடுங்கள், கதிர் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் உள்ளே திணித்திருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான்.

2014 ஏப்ரல் 7. ஹார்ட்ப்ளீட், சர்வர் நினைவகத்தை வெளியே கசியவிட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, 1.0.1ஜி-இல் அடைத்தார்கள். அப்போது என் கையில் நூற்றிச் சொச்சம் சர்வர்கள். பேக்கேஜை அப்டேட் செய்து சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்ய ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. (ரீஸ்டார்ட்டை மறக்கக்கூடாது. கோப்பை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய லைப்ரரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எல்எஸ்ஓஎஃப் போட்டால் அழிக்கப்பட்டது என்று குறியோடு அது தெரியும்.) நிம்மதியாகப் படுத்தேன்.

பத்து நாள் கழித்து ஸ்கேனில் ஒரு சர்வர் மட்டும் இன்னும் ஒழுகுகிறது என்று வந்தது. பேக்கேஜ் பட்டியலில் எல்லாம் சரி. எல்டிடி போட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் பெயரே இல்லை. கடைசியில் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஒவ்வொரு பைனரி மேலும் ஓட்டினேன். ஒரு விற்பனையாளர் கொடுத்திருந்த கண்காணிப்பு நிரலுக்குள் 1.0.1சி என்ற எழுத்துகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. கேட்டால் "அடுத்த வெளியீட்டில் வரும்" என்றார்கள். அடுத்த வெளியீடு ஆகஸ்டில் வந்தது.

இது புதிதும் இல்லை. 2002 மார்ச்சில் இசட்லிப் என்ற அழுத்த லைப்ரரியில் டபுள் ஃப்ரீ (ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிப்பது) ஓட்டை, 1.1.4-இல் சரிசெய்தார்கள். லைப்ரரியில் ஒரு சின்னத் திருத்தம். ஆனால் இசட்லிப்பை நகல் எடுத்துத் தங்களுக்குள் வைத்திருந்த நிரல்கள் எத்தனை, லினக்ஸ் கெர்னல் உட்பட! யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகப் போனது.

#9 கோ_பாண்டி

ஷேர்டாக இருந்தால் மட்டும் பாதுகாப்பா? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் அழுத்த லைப்ரரிக்குள் ஒருவன் பின்கதவு வைத்தது தெரியவந்ததே, அது என்ன ஆனது? தொலைவிலிருந்து லாகின் செய்யவிடும் எஸ்எஸ்எச்டிக்கும் எக்ஸ்இசட் அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. டெபியனும் ஃபெடோராவும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல எஸ்எஸ்எச்டியில் ஒட்டுப் போட்டார்கள், அது லிப்சிஸ்டம்டியை இழுத்தது, அது எக்ஸ்இசட்டின் லிப்எல்இசட்எம்ஏவை இழுத்தது. உள்ளே வந்தவன் ஐஃபங்க் என்ற டைனமிக் லிங்க் வசதியைப் பிடித்துக்கொண்டு, ஆர்எஸ்ஏ கையொப்பம் சரிபார்க்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டான். எஸ்எஸ்எச் லாகினில் அரை நொடி தாமதம் ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் நோண்டாமல் இருந்திருந்தால்? ஸ்டேட்டிக்காக, தேவையானதை மட்டும் வைத்துக் கட்டிய எஸ்எஸ்எச்டிக்குள் அவன் எப்படி வந்திருப்பான்?

#10 இளவேனில்

சம்பந்தமில்லாத லைப்ரரியை இழுத்தது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்ததும் என்ன நடந்தது? டெபியன் ஒரே ஒரு பேக்கேஜைப் பழைய 5.4.5-க்கே திருப்பியது. பதிப்பு எண் கூடித்தான் ஆக வேண்டும் என்பதால் "5.6.1+உண்மையில்5.4.5" என்கிற மாதிரி ஒரு பெயர். எல்லோரும் அப்டேட் செய்தார்கள், முடிந்தது. அதே லைப்ரரி முந்நூறு பைனரிக்குள் கரைந்திருந்தால் எதை எதையெல்லாம் மறுபடி கட்டுவீர்கள் பாண்டி?

#11 தேன்மொழி_டெப்

பாண்டிக்கு ஒரு வார்த்தை. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே கோ பேக்கேஜ்களுக்குப் பாதுகாப்பு ஆதரவு வரம்புக்குட்பட்டது என்று எழுதியிருக்கிறது. காரணம் இதேதான்: ஒரு கோ லைப்ரரியில் ஓட்டை என்றால் அதை விழுங்கிய எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். நீங்கள் ஒரே நிறுவனம், எல்லாக் கோடும் உங்கள் கையில், தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ ஒரு பொத்தான் என்றால் அது ஒரு மணி நேர வேலை. ஆயிரக்கணக்கான பேக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. அதனால் கதிர், ஸ்டேட்டிக்கா ஷேர்டா என்று கேட்பதைவிட, இந்த லைப்ரரியில் நாளைக்கு ஓட்டை வந்தால் அதை அடைக்கப் போவது யார் என்று லைப்ரரிக்கு லைப்ரரி கேளுங்கள். சர்வர் நிர்வாகி என்றால் ஷேர்டு. நீங்கள் என்றால் உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

#12 சுண்டல்

இடையில் ஒரு கேள்வி. மேக்கில் -ஸ்டேட்டிக் போட்டால் சிஆர்டி0 கோப்பு இல்லை என்கிறதே, ஏன்?

#13 பழையசோறு

ஆப்பிள் அதை ஆதரிப்பதில்லை, வேண்டுமென்றேதான். அவர்கள் வாக்கு கொடுப்பது சிஸ்டம் லைப்ரரியின் வாசலில். அதற்குக் கீழே கெர்னல் அழைப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள். 2020-இல் வந்த பிக் சர்ரிலிருந்து அந்த லைப்ரரிகள் தனிக் கோப்பாக டிஸ்க்கிலும் கண்ணில் படாது, எல்லாம் ஒரே கேஷுக்குள். சோலாரிஸ் 10-உம் ஸ்டேட்டிக் லிப்சியை இப்படித்தான் எடுத்துவிட்டது. லினக்ஸில் கெர்னல் வாசலிலேயே வாக்கு இருக்கிறது, அதனால்தான் பாண்டி பிழைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு சன் காலத்திலிருந்து பழக்கம். ஷேர்டு லைப்ரரி சும்மா வந்துவிடவில்லை. சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 3-இல் ஒவ்வொரு லைப்ரரிக்கும் நினைவகத்தில் நிரந்தர முகவரி ஒதுக்கி வைத்தார்கள். லினக்ஸும் ஏ.அவுட் காலத்தில் அப்படித்தான் இருந்தது. தெருவில் வீட்டு மனை ஒதுக்குவது போல, இன்னாருக்கு இன்ன எண் என்று பட்டியல் போட வேண்டும். லைப்ரரி கொஞ்சம் வளர்ந்தால் பக்கத்து மனையில் இடிக்கும். 1988-இல் சன்ஓஎஸ் 4.0, கோப்பை நினைவகத்தில் பொருத்தும் எம்மேப்பை வைத்து, எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடுகிற கோடாகச் செய்தது. இன்றைக்கு நீங்கள் ஷேர்டு லைப்ரரி கட்டும்போது -எஃப்பிக் போடுகிறீர்களே, அதன் பாட்டன் அதுதான்.

ஸ்டேட்டிக்கையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு முறை என்னோடு வேலை பார்த்த பையன் லிப்சி கோப்பை "கொஞ்ச நேரம்" /டெம்ப்புக்கு நகர்த்தினான். அடுத்த நொடி எல்எஸ் ஓடவில்லை, எம்வி ஓடவில்லை, சிபி ஓடவில்லை. புதிதாக லாகின் செய்யவும் முடியாது. திறந்திருந்த ஒரே ஒரு ஷெல் மட்டும் உயிரோடு இருந்தது, அவன் அதையும் மூடப்போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, அதனால் எக்கோ நட்சத்திரம் போட்டால் கோப்புப் பெயர்களைப் பார்க்கலாம். அப்புறம் ஷேர்டு லைப்ரரிகளை ஏற்றிவிடும் லோடரை நேரடியாகக் கூப்பிட்டு, லைப்ரரி பாதை /டெம்ப் என்று சொல்லி, அதன் வழியாக எம்வியை ஓட்டி லிப்சியைப் பழைய இடத்தில் வைத்தோம். லோடரையும் சேர்த்து நகர்த்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அன்றிலிருந்து என் எல்லா சர்வரிலும் ஸ்டேட்டிக் பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் ஒரே பைனரியில்) ஒன்று இருக்கும். ஓப்பன்பிஎஸ்டி இன்றைக்கும் /பின் அடியில் இருப்பவற்றை ஸ்டேட்டிக்காகவே வைத்திருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டியில் /ரெஸ்க்யூ என்று தனி அடைவே உண்டு.

#14 கதிர்_சி

சோறு ஐயா, அந்தப் பையன் நான் இல்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

கன்டெய்னர் எழுப்பினேன். பேக்கேஜ் இறக்கும் யம் எதையுமே இறக்க மாட்டேன் என்றது. ஆயுள் முடிந்ததோடு மிரர் பட்டியல் முகவரியும் போய்விட்டது, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வால்ட் முகவரிக்கு மாற்றிய பிறகு இறங்கியது. உள்ளே இருக்கும் ஜிசிசி 4.8, எங்கள் கோடோ சி++17. ரெட்ஹாட்டின் புது கம்பைலர் தொகுப்பான டெவ்டூல்செட் போட்டதும் அது சரியானது.

இப்போது வேறு தலைவலி. ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் கர்லையும் .ஏ கோப்புகளாகக் கட்டிவிட்டேன், லிங்க் செய்தால் எஸ்எஸ்எல் செயற்கூறுகள் ஐம்பது அறுபது வரையறுக்கப்படவில்லை என்று வருகிறது. .ஏ கோப்புக்குள் அவை இருக்கின்றன, என்எம் போட்டுக் கண்ணால் பார்த்தேன்!

#15 பழையசோறு

வரிசையைக் காட்டுங்கள்.

#16 கதிர்_சி

எங்கள் .ஓ கோப்புகள், பிறகு கிரிப்டோ, எஸ்எஸ்எல், கர்ல், எஸ்க்யூலைட்.

#17 பழையசோறு

அதுதான். லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை நடக்கும், கையில் சீட்டோடு சந்தைக்குப் போகிறவன் மாதிரி. சீட்டில் இதுவரை எழுதியிருப்பதை மட்டும்தான் அந்தந்தக் கடையில் வாங்குவான். நீங்கள் அவனை முதலில் கிரிப்டோ கடைக்கு அனுப்பினீர்கள். அப்போது சீட்டில் கர்லிலிருந்து வேண்டியவை மட்டும் இருந்தன, கிரிப்டோ சாமான் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு கடந்துவிட்டான். எஸ்எஸ்எல் கடையிலும் அதே. கர்ல் கடைக்கு வந்த பிறகுதான் எஸ்எஸ்எல் வேண்டும் என்று சீட்டில் ஏறியது. திரும்பிப் போக மாட்டான்.

கேட்பவன் முன்னால், கொடுப்பவன் பின்னால். கர்ல், எஸ்எஸ்எல், கிரிப்டோ, கடைசியில் டிஎல், பித்ரெட். இரண்டு லைப்ரரி ஒன்றையொன்று கேட்டால் குழுவாகக் கட்டிச் சுற்றவிடும் கொடி உண்டு. ஷேர்டில் இந்தக் கஷ்டம் தெரியாது, அங்கே .எஸ்ஓ கோப்பே எனக்கு இன்னது வேண்டும் என்று தனக்குள் எழுதி வைத்திருக்கும். .ஏ என்பது .ஓ கோப்புகளை ஏஆர் கட்டிய வெறும் மூட்டை. பிகேஜி-கான்ஃபிகில் ஸ்டேட்டிக் என்று கேட்டால் வரிசையை அதுவே சொல்லும்.

#18 மஸ்ல்மணி

இவ்வளவு எதற்கு? எல்லா .எஸ்ஓவையும் ஒரு அடைவில் போட்டு, முதலில் அங்கே தேடு என்று எல்டி_லைப்ரரி_பாத் வைத்துவிட்டால் ஆகாதா?

#19 இளவேனில்

ஆகும். அதை ஒருவர் ப்ரொஃபைல் கோப்பில் எழுதி வைப்பார், அன்றிலிருந்து அந்தக் கணக்கில் ஓடும் கிட், பைத்தான் எல்லாம் உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுக்கும். ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். கூடவே .எஸ்ஓ அனுப்புவதென்றால், பைனரிக்குள் எழுதும் தேடல் பாதையான ஆர்பாத்தில் ஆரிஜின் எழுதுங்கள். பைனரி இருக்கும் அடைவை வைத்து அதுவே தேடிக்கொள்ளும், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

#20 கதிர்_சி

முடிந்தது. லிப்சி, எம், பித்ரெட், டிஎல் நான்கும் ஷேர்டு, அவர்கள் சர்வரில் இருப்பதே. கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் உள்ளே. சி++ லைப்ரரியில் புதுசாக வேண்டியதை மட்டும் டெவ்டூல்செட்டே ஸ்டேட்டிக்காகச் சேர்த்து, மிச்சத்தை அங்கே இருக்கும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாம் இங்கே பேசிக்கொண்டிருந்த அதே பாதிப் பாதி வேலையை ரெட்ஹாட்காரர்கள் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். ரீட்எல்ஃபில் பார்த்தேன், ஜிலிப்சி 2.17-க்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்டாப் கணக்கில் ஓடுகிறது.

உபுண்டுவிலும் அதே பைனரியை ஓட்டினேன். கர்ல் பிழை 77. சான்றிதழ்க் கோப்பைத் திறக்க முடியவில்லை. கட்டும்போது சென்ட்ஓஎஸ்ஸின் /இடிசி/பிகேஐ பாதையைப் பார்த்து அதையே உள்ளே எழுதிக்கொண்டது, உபுண்டுவில் அந்தப் பாதையே இல்லை. இப்போது நிரல் தொடங்கும்போது இரண்டு மூன்று இடங்களில் தேடி, இருப்பதை கர்லிடம் கொடுக்கிறேன்.

#21 இளவேனில்

நல்லது. ஓப்பன்எஸ்எஸ்எல் அறிவிப்பு மடலில் உங்கள் குழுவில் யார் சேர்ந்திருக்கிறார்கள்?

#22 கதிர்_சி

நேற்று வரைக்கும் யாரும் இல்லை. இன்று காலை நான் சேர்ந்தேன். நான் விடுப்பில் போனால் என்ன செய்வது என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.